ஒற்றக்காவின் அம்மா

எங்கள் அச்சகத்தில் அவளை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒற்றக்கா. அவ்வளவுதான். புரூஃப் பார்க்கிற வேலை. ஒரு க், ஒரு த் எங்கே விட்டுப்போயிருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். சிவப்புப் பேனாவால் ஒரு சுழி போட்டு அதை அதனிடத்தில் உட்காரவைத்துவிடுவாள். பைண்டிங் பிரிவில் இருந்த ஒரு வாயாடி, "ஒற்று அக்கா வர்றாங்க, ஓரமா நில்லுங்கப்பா" என்று ஒருநாள் கிண்டலுக்கு ஆரம்பித்தான். நாளடைவில் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டுவிட்டன. "கிண்டல் பண்ணினாலும் சந்தி தப்பாமப் பண்ணியிருக்கான்" என்று அவளே சிரிப்பாள்.

நான் அவளுக்கு எதிர் நாற்காலி. மாடியில் ஒரு சின்ன அறை. கீழே மெஷின் ஓடும்போது எங்கள் மேசை லேசாக அதிரும். தேநீர் டம்ளரை நடுவில் வைத்தால் ஓரத்துக்கு நகர்ந்து வந்துவிடும். நான் மூலத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அக்கா அச்சுத்தாளில் கண்ணை ஓட்டிக்கொண்டே வருவாள். வெறும் வார்த்தை மட்டும் படித்தால் போதாது, குறிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "அவன் வந்தான் முற்றுப்புள்ளி ஏன் வந்தாய் கேள்விக்குறி" என்று நாள் முழுக்கப் படித்துப் படித்து, வீட்டிலும் ஒருநாள் என் கணவரிடம், "சோறு ஆறிப்போகுது ஆச்சரியக்குறி" என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்குகிறார்.

அக்காவிடம் எல்லோரும் அதிசயப்படுவது அவளுடைய நிதானம். முதலாளி படியேறி வந்து தலைமேல் நிற்பார், கீழே மெஷின் சும்மா கிடக்கும், லாரி வாசலில் காத்திருக்கும். அவள் பேனா அதே வேகத்தில்தான் போகும். வீட்டிலும் அப்படியே. அவள் கணவர் பஸ் ஓட்டுநர். நாளெல்லாம் சாலையில் கத்திவிட்டு மிச்சக் கத்தலை வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆள். கல்யாணமான புதிதில் அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, "இப்போ சாப்பிடலாமா?" என்று கேட்பாளாம். அந்த மனுஷனும் எவ்வளவு நாள்தான் தனியாகக் கத்துவார்!

"உனக்கு எங்கேருந்துக்கா இவ்வளவு பொறுமை?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"எங்க அம்மாகிட்டேருந்து" என்றாள்.

அம்மா காய்ச்சலில் போனபோது அக்காவுக்கு மூன்று வயதுதான். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. எடுத்திருந்த ஒன்றும் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு ஞாபகம். அதை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தை மாறாது.

"மழை. நான் நனைஞ்சு வந்து வாசல்படியில நிக்கிறேன். அம்மா முட்டி போட்டு உக்காந்து முந்தானையால என் காலைத் துடைக்கிறா. ஒவ்வொரு விரலா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வேற. கட்டைவிரல் பெரியவர். அடுத்தவன் சோம்பேறி. அதுக்கு அடுத்தவன் பாட்டுக்காரன். அப்புறம் பசிக்காரன். சுண்டுவிரல் வந்ததும் நிறுத்திட்டா. 'இவனுக்கு நாளைக்குப் பேர் வைக்கலாம், இன்னைக்கு அம்மாகிட்ட இருந்த பேரெல்லாம் தீர்ந்துபோச்சு'ன்னா. அவ தலைமுடியிலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி என் முட்டியில விழுந்துச்சு. ஜில்லுன்னு. அவ்வளவுதான். முகம் தெரியாது."

பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு சொல்வாள்: "அப்படிப்பட்டவ பெத்த பொண்ணு நான். நான் எப்படி வேற மாதிரி இருக்க முடியும்?"

தன் மகளுக்கும் அப்படித்தான் கால் துடைத்து வளர்த்தாள். அந்தப் பெண்ணோ ஐந்து விரல்வரை நிற்கவே மாட்டாள். இரண்டாவது விரலிலேயே காலை உருவிக்கொண்டு ஓடிவிடுவாள். வளர்ந்த பிறகும் ஒரு வேலையை முடிக்குமுன் அடுத்ததில் கால் வைத்துவிடுகிற ரகம். "பாட்டி எவ்வளவு பொறுமை தெரியுமா? நீ யாரைக் கொண்டு பொறந்தியோ!" என்று அக்கா அங்கலாய்ப்பாள். அவள் மகளை நொந்துகொண்டதென்றால் அது ஒன்றுக்குத்தான்.

ஒரு மழைக்காலத்தில், எப்போதோ வந்து மறைந்துபோன ஒரு சிறுவர் நாவலை மறுபடி அச்சிடக் கொண்டுவந்தார்கள். பழைய பிரதி ஒன்றுதான் கிடைத்தது. தாள் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்துவிடுகிற நிலைமை. அதை நான் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். புதிதாகத் தட்டச்சு செய்த தாள்கள் அக்காவின் முன்னால். கதையில் ஒரு சிறுவன் பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வருகிறான். அவன் அம்மா வாசலில் முட்டி போட்டு உட்காருகிறாள்.

எனக்கு அங்கேயே நாக்கு தடுக்கியது. ஆனாலும் வாய் தன் வேலையைச் செய்துகொண்டே போனது. "பெரியவர் காற்புள்ளி சோம்பேறி காற்புள்ளி பாட்டுக்காரன் காற்புள்ளி பசிக்காரன் முற்றுப்புள்ளி." அக்காவின் தாள் அங்கே முடிந்தது. அடுத்த தாளைத் திருப்ப வேண்டும். அவள் திருப்பவில்லை. 

"இவனுக்கு நாளைக்குப் பேர் வைக்கலாம்" என்றாள் அக்கா, மேசையைப் பார்த்தபடி. "இன்னைக்கு அம்மாகிட்ட இருந்த பேரெல்லாம் தீர்ந்துபோச்சு."

பழைய பிரதியில் அதே வரிதான் இருந்தது. ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவள் எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "மறுபடி படி" என்றாள். படித்தேன். நான் படித்து முடித்ததும் பழைய புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தாள். முதல் பதிப்பு வந்த வருஷம் அங்கே இருந்தது. அம்மா போய் மூன்று வருஷம் கழித்துத்தான் அந்தப் புத்தகமே வந்திருக்கிறது. நான் ஏதாவது சமாதானம் சொல்லலாமென்று, "ஒருவேளை உங்க அம்மா படிச்சிட்டு..." என்று தொடங்கியிருந்தேன், அந்த வருஷத்தைப் பார்த்ததும் பாதியிலேயே விழுங்கிவிட்டேன்.

"அந்தச் சொட்டு இதுல இல்ல" என்றாள் அக்கா. "தலைமுடியிலேருந்து விழுந்த சொட்டு. மத்ததெல்லாம் இருக்கு."

அந்த வாரம் அவள் சரியாகவே இல்லை. ஒரு பள்ளிப் புத்தகத்தின் அட்டையில் 'புவியியல்' என்பது 'புவியில்' என்று அச்சாகிப் போய்விட்டது. அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய அட்டை. முதலாளி தடதடவென்று மாடியேறி வந்தார்; அக்காவின் முகத்தைப் பார்த்தார்; வந்த வேகம் அடங்கி, "விடும்மா, மேல ஒட்டு ஒட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவள் திட்டு வாங்கியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். "நீயும் வா. தனியாப் போனா எதையாவது சொல்லிடுவேன்."

அவள் அப்பா குழாய் ரிப்பேர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவரை இழந்த தன் தமக்கையோடு, அதாவது ஒற்றக்காவின் அத்தையோடு, ஒரு மாடி வீட்டில் இருந்தார். நாங்கள் போனபோது அத்தை கடைக்குப் போயிருந்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பழைய குழாய்த் திருகைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டாலும் விரல் விடவில்லை.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "அப்பா, கால் விரலுக்குப் பேர் வைக்கிற கதை... அது ஒரு புத்தகத்துல வருது."

அவர் திருகைக் கீழே வைத்தார். "ஆமா" என்றார். "புத்தகம்தான்."

"அப்போ அம்மா?"

"தினம் கேப்பம்மா நீ. அம்மா எப்படி இருப்பா, அம்மா எப்படி இருப்பான்னு. சொல்லணும்னுதான் வாயைத் திறப்பேன். தொண்டை அடைச்சுக்கும். புத்தகம்னா எழுத்தைப் பாத்து ஒண்ணொண்ணாக் கூட்டிப் படிச்சாப் போதும், அழுகை வராது. நான் படிச்ச படிப்புக்கு எழுத்துக் கூட்டறதுக்கே நேரம் சரியாப் போயிடும். அதான் லைப்ரரியிலேருந்து கொண்டுவந்து படிச்சேன். அந்த இடம் வந்தப்போ நீ படுத்திருந்தவ எழுந்து உக்காந்துட்ட. 'இது எங்க அம்மாவா?'ன்னு கேட்ட. உன் முகத்தைப் பாத்தேன். ஆமான்னுட்டேன். ஒரே தடவைதான் சொன்னேன். மறுநாள் பாத்தா நீ தெருவெல்லாம் சொல்லிட்டிருக்க."

"நிஜமா அம்மா எப்படி இருந்தா? பொறுமையா இருந்தாளா?"

அவருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "அவளா? பொறுமையா? அவளுக்கு ஒரு இடத்துல நிக்கத் தெரியாதும்மா. உன் காலை அவளும் துடைச்சிருக்கா. பாத்திரம் தேய்க்கிற மாதிரி துடைப்பா, நீ வீல்னு கத்துவ."

அவர் ஆசையாகத்தான் சொன்னார். ஆனால் அக்கா எழுந்துவிட்டாள். படி இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். தெருவுக்கு வந்ததும், "இத்தனை வருஷம் யாரோ எழுதின அம்மாவுக்குப் பொண்ணா இருந்திருக்கேன்" என்றாள். "கோபம் வர்றப்போல்லாம் அவளை நினைச்சு நினைச்சு அடக்கினேன். பதில் பேச வேண்டிய இடத்துல எல்லாம் பேசாம இருந்தேன். அதெல்லாம் நான்தானா? இல்ல, அந்தப் புத்தகத்தைப் பாத்து நான் நகல் எடுத்ததா?"

பல வருஷமாக நாங்கள் இருவரும் அந்த மேசையில் உட்கார்ந்து அடுத்தவர்கள் ஞாபகத்தைத்தான் படித்துத் திருத்திக்கொண்டிருந்தோம். யாரோ ஒருவருடைய சின்ன வயது, யாரோ ஒருவருடைய முதல் காதல், யாரோ ஒருவர் இழந்த வீடு. அதில் எவ்வளவு எங்களுக்குள் கசிந்திருக்கிறது என்று யார் கண்டார்கள்? அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து என் சின்ன வயதை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அடுத்த ஞாயிறு அக்கா அப்பா வீட்டுக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. போன் வந்தால், "வேலை இருக்குப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் மத்தியானம், எங்கள் அறை வாசலில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. அக்காவின் அப்பாதான். அத்தனை படியும் ஏறி வந்திருக்கிறார். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, ஏதோ நேர்காணலுக்கு வந்தவர் மாதிரி. நான் என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து, கீழே மெஷின் நிற்கும்வரை பொறுத்திருந்து பேச ஆரம்பித்தார்.

"பஸ்ஸுக்கு நிக்க மாட்டாம்மா உங்க அம்மா. கொஞ்ச நேரம் பாப்பா, வரலன்னா, 'வா, அடுத்த ஸ்டாப்புக்கு நடப்போம், இங்க நின்னு வேர் விடவா?'ன்னு கிளம்பிடுவா. நாங்க நடுவழியில போய்ட்டிருப்போம், பஸ் எங்களைத் தாண்டிப் போகும். ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும். கடைசியில வீடுவரைக்கும் நடைதான். கல்யாணமான மொத வருஷம் பஸ்ஸுக்குன்னு நான் காசே செலவு பண்ணலன்னா பாத்துக்கோயேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் கையை நீட்டினேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது.

"என் பொண்ணுப்பா!" என்றாள். "அப்படியே என் பொண்ணு!"

"அதைத்தான் நானும் சொல்ல நினைச்சு நினைச்சு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "அவ ஓடுறதைப் பாக்கறப்போல்லாம் எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும். நீ அவளைத் திட்டுவ. நான் எழுந்து வெளிய போயிடுவேன்."

அவர் அப்படிப் பாதியில் எழுந்து போனதெல்லாம் அக்காவுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, அவர் சட்டைக் காலரை இழுத்துச் சரிபண்ணினாள். அது சரியாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். அந்தப் பெண் எதற்குமே அழாதவள், அதற்கு அழுதுவிட்டாள். "அப்பாடா, நம்ம வீட்டுல ஒருத்தராவது என்னை மாதிரி இருந்திருக்காங்களே! நான் என்னமோ தப்பாப் பொறந்துட்டேன்னே நினைச்சிட்டிருந்தேம்மா" என்றாளாம். இதை எனக்குச் சொல்லும்போது அக்கா சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பொறுமையைச் சொல்லிச் சொல்லியே அந்தப் புள்ளையை எவ்வளவு நாள் நிக்க வச்சிருக்கேன் பாரு" என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடி தொடங்கின. சில வாரம் நானும் போவேன். அப்பாவின் பேச்சு அடைப்பு நீங்கின குழாய் மாதிரி ஆகிவிட்டது. முதலில் கலங்கலாகக் கொஞ்சம், அப்புறம் நிற்காமல். அம்மா பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்த்தாள், வேலை செய்துகொண்டே விசில் அடிப்பாள், மேலாளர் அது யாரென்று வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு போவார், அவள் முகத்தை வைத்துக்கொள்வதைப் பார்த்தால் பால் குடிக்கத் தெரியாத பூனை தோற்றுவிடும். நாவலில் வந்த அம்மாவுக்கும் இவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஒருநாள் வெளியே நல்ல மழை. அத்தை பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "இவன் அந்தக் காலத்துல புத்தகம் படிக்கிறேன்னு படுத்தின பாடு இருக்கே! உடைஞ்ச குழாயில நின்னுட்டு தொப்பலா நனைஞ்சு வருவான். தலையைக்கூடத் துவட்ட மாட்டான். புள்ளை தூங்கிடுவாளாம், அதுக்குள்ள படிக்கணுமாம். பாயெல்லாம் ஈரம். சொட்டுச் சொட்டா அவ மேலயே விழும். நான் துண்டைத் தூக்கிட்டுப் பின்னாலேயே கத்துவேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கை தானாகவே போய் முட்டியின்மேல் உட்கார்ந்தது. அவர் பாட்டுக்கு ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற கவனமே இல்லை.

திரும்பி வரும்போது நான் கேட்டேன், அந்த ஞாபகம் இப்போதும் வருகிறதா என்று.

"வருது" என்றாள். "அதே வாசல்படி, அதே மழைதான். போகச் சொன்னாலும் போகாது. ஆனா குரல் மாறிடுச்சு. இப்போ எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பேசுது." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "முகம் தெரியலன்னு இத்தனை வருஷம் புலம்பினேன் பாரு" என்றாள்.

அக்கா இப்போதும் நிதானமாகத்தான் புரூஃப் பார்க்கிறாள். ஒரே ஒரு வித்தியாசம். போன மாதம் முதலாளி, ஒரு அவசர வேலையென்று பாதி படிக்காமலே கையெழுத்துப் போடச் சொன்னபோது, "முடியாதுன்னா முடியாது, கீழ போய் உக்காருங்க" என்று ஒரு சத்தம் போட்டாள். முதலாளி ஆடிப்போய்விட்டார். எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும்; பேனாவின் மூடியைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்பாவுக்கு வயது ஏறிக்கொண்டு போகிறது. சொன்னதையே சொல்கிறார், சொல்லும்போது மாற்றியும் சொல்கிறார். போன வாரம், அம்மாவை முதன்முதலில் பார்த்த கதை. பிஸ்கட் கம்பெனிக்குக் குழாய் பார்க்கப் போன இடத்தில், பச்சைச் சேலையில் நின்று அவரை வேலை வாங்கினாளாம்.

"பச்சையா? அவகிட்ட ஏது பச்சைச் சேலை? நீலம்" என்றாள் அத்தை.

"நான் பாத்தேனா, நீ பாத்தியா?"

"நீ குழாயைப் பாத்தியோ, அவளைப் பாத்தியோ! நீலம்தான்டா. அதை அவ எனக்குத்தானே அப்புறம் குடுத்தா!"

இருவரும் அக்காவைப் பார்த்தார்கள். ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவள், இதற்கும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

"ரெண்டுமே இருக்கட்டும்" என்றாள் அக்கா. "ஒரே வரி ரெண்டு பிரதியில ரெண்டு விதமா இருந்தா எங்க வேலையில பாடபேதம்னு சொல்லுவோம். எதையும் அடிக்கக் கூடாது."

அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம். "பேதியா? யாருக்கு?" என்று பதறி எழுந்தாள். "காலையிலேயே சொன்னேன், அந்தப் பழைய பாலைக் குடிக்காதடான்னு!"

அவர் இல்லை இல்லையென்று கையை ஆட்ட, அத்தை மருந்துப் பெட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.